தம்பியின் குழி திறந்த அன்று

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு, பூசைக்குப் பிறகு.

அன்பு மகள் நிரோஷாவுக்கு,

மாதாவின் தயவில் எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, பாரிஸில் நீயும் சுகமாயிருக்கக் கோவிலில் கேட்டுக்கொண்டு வந்துதான் எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான், அம்மா பக்கத்தை விட்டு நகரமாட்டாள்.

றேமண்ட் மாமா போனதை அறிவாய். அவரையும் நமது குடும்பக் குழியில் வைக்கலாமென்று போன செவ்வாய் உன் தம்பி கிளமென்டின் குழியைத் திறந்தார்கள். ஆறு வருடமாகிவிட்டதே, எலும்பை எடுத்து ஒரு மூலையில் வைத்துவிட்டு அடுத்தவரை இறக்குவது வழக்கம்தானே என்று சம்மதித்தேன், அம்மாவைக் கூட்டிப்போனது என் புத்திகெட்ட வேலை. பெட்டியைத் திறந்தால் பிள்ளை அப்படியே கிடக்கிறான் மகள். நிறம் கறுத்திருந்தது, மற்றப்படி முகமும் விரலில் சுற்றிய செபமாலையும் வைத்தபடியே இருந்தன. குழி வெட்டுகிறவர், இன்னும் கரையேல்லை ஐயா, மூடுவம் என்றார். மாமாவைப் பிறகு வத்தளையில் அடக்கினோம்.

அன்றிலிருந்து அம்மா, என்ர பிள்ளை புனிதன், கோவாவில உடம்பு அழியாமக் கிடக்கிற சவேரியாரைப்போல ஆண்டவர் அவனை அழியவிடேல்லை என்று தெருவெல்லாம் சொல்கிறாள். தினமும் மெழுகுதிரியோடு போகிறாள், பக்கத்து வீட்டு நதீஷாவும் காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறாள். ஆயருக்கு எழுதச் சொல்லி அம்மா பங்குச் சுவாமியிடம் அழுதாளாம், அவர் நீங்கள்தான் எடுத்துச் சொல்லவேண்டும் என்று என் தலையில் போட்டுவிட்டார். பிள்ளை அழியாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். நீ வந்து முகம் பார்க்கவேண்டுமென்று அவனைப் பதினொரு நாள் அடக்காமல் வைத்திருந்தோம், மலர்ச்சாலைக்காரர் உடம்பு கெடாமலிருக்க இரண்டு தரம் மருந்தேற்றி, உள்ளே தகரம் அடித்த பெட்டியில் காற்றுப் புகாமல் மூடித் தந்தார். உன் அகதி வழக்கு முடியாமல் உன்னால் வரமுடியாது, உன்னில் குற்றமில்லை, அதை நான் யாரிடமென்றாலும் சொல்வேன். ஆனால் மருந்துக் கதையை எடுத்தால் ஏன் அத்தனை நாள் வைத்தோம் என்ற இடத்தில்தான் போய் நிற்கும், அதனால் வாயைத் திறக்கப் பயந்தேன்.

நேற்றுத் துணிந்து அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. ஓம், மருந்து எண்டு எனக்கும் தெரியும், ஆனா மருந்து ஆறு வருசம் நிக்குமோ, அக்கா வரேல்லை எண்டுதான் பிள்ளை காத்துக்கொண்டு கிடக்கிறான், அவளை ஒருக்கா வரச் சொல்லுங்கோ, அவள் பாத்தா அவன் போயிடுவான் என்றாள்.

ஆண்டவர் உன்னைத் தம் கைக்குள் வைத்திருக்கட்டும், குளிரில் வெறுங்காலோடு நிற்காதே. ஒன்றை மட்டும் மறக்காதே. அம்மா போனில் எப்போது வருகிறாய் என்று கேட்டால் வருகிறேன் என்று சொல்லிவிடாதே, அந்தக் குழியைத் திரும்பத் திறக்கச் சொல்வாள். வரமாட்டேன் என்றும் சொல்லாதே.

உன் அப்பா,
பொனிபஸ்