ஆறு மணிப் பெரட்டு

செப்டெம்பர் 8, திங்கள்
ஸனாவின் நூடுல்ஸ் சட்டிக்குப் பச்சையாய் மயிர் முளைத்துவிட்டது. தனுஜா அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரி ஜெனீரா ஆன்ட்டி குசினி யன்னலால் எட்டிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம வருவேன். வீடு இப்பிடியே கெடந்தா சாமானக் கட்டிக்கிட்டுப் போயிடுங்க புள்ளைகளா."

அடுத்த மாதம் பரீட்சை. பதுளையில் இந்த வாடகை வீடு கிடைக்கவே நாங்கள் மூன்று பேரும் ஐந்து வாரம் அலைந்தோம். இனி எங்கே போவது?

செப்டெம்பர் 9, செவ்வாய்
காலை ஆறு மணிக்கு விசில் ஊதினேன்! தேயிலைத் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மாதிரியே இரண்டு பேரையும் வாசலில் வரிசையாக நிறுத்தி வேலை பிரித்தேன். தனுஜா கக்கூஸ், ஸனா சட்டிபானை, நான் மேற்பார்வை. இரண்டும் போர்வையோடு வந்து நின்ற கோலத்தைப் பார்த்த சிரிப்பில் எனக்கு இரண்டாவது விசில் ஊத வரவில்லை.

செப்டெம்பர் 10, புதன்
ஸனா பத்து நிமிடம் பிந்தினாள். வரவு நோட்டில் அவளுக்கு அரைப் பேர்தான் போட்டேன், முழு நாள் கிடையாது. என்ன சுகம்!

செப்டெம்பர் 11, வியாழன்
ஸ்ட்ரைக்!

தனுஜாவின் அப்பா ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தொழிலாளர் சங்கத் தலைவர். அவளுக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? அட்டையில் கோரிக்கை எழுதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பண்டாரவளைப் புடவைக்கடைக்காரர் மகள் ஸனா பெரட்டையே கண்டதில்லை. கோஷம் மட்டும் அவள்தான் பலமாகப் போட்டாள். பக்கத்து வீட்டு நாயும் சேர்ந்துகொண்டது. வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பிறகு தனுஜா சொன்னாள்: "நீ நோட்டப் புடிச்சிக்கிட்டு நிக்கிற. நாங்க குனிஞ்சி தேய்க்கிறோம். ஒங்கம்மாவயும் பூனாகலையில இப்பிடித்தானே நிக்க வச்சி வெரட்டுறாங்க, விஜி?"

சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று நாளாக நான் ஒரு கரண்டிகூடக் கழுவவில்லை. அம்மா இருபத்திரண்டு வருஷமாக யாராவது ஒருத்தரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டே கொழுந்து பறிக்கிறா. நான் எப்பிடி மூணே நாள்ல துரையாயிட்டேன்? வெட்கமா இருக்கு.

செப்டெம்பர் 12, வெள்ளி
அவர்கள் எழும்புமுன் கக்கூஸைக் கழுவினேன். வாந்தி வராத குறை.

மத்தியானம் பேச்சுவார்த்தை. ஒப்பந்தம்: யார் விசில் ஊதுகிறாரோ அவருக்குத்தான் கக்கூஸ். கையெழுத்துப் போட்ட நிமிடத்திலிருந்து விசிலை ஒருத்தரும் தொடுவதில்லை.

செப்டெம்பர் 13, சனி
நான்கு வாளி தண்ணீர், ஒரு பைக்கற் சோப்புத் தூள். ஹோலுக்குள் சறுக்கி விளையாடினோம். ஸனா கதவில் மோதினாள், நான் ஸனாவில் மோதினேன். கட்டிலுக்கடியில் ஒன்பது கரண்டி கிடைத்தது. எல்லாம் எந்த வீட்டுக் கரண்டியோ!

செப்டெம்பர் 14, ஞாயிறு
ஆன்ட்டி சட்டியைத் தூக்கிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். கட்டிலுக்கடியில் குனிந்தார்.

"யாரு புள்ள ஒங்கள்ல பொறுப்பு?"

தனுஜா என்னைக் காட்டினாள், நான் ஸனாவைக் காட்டினேன், ஸனா தனுஜாவை. ஆன்ட்டிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சரி சரி, இருங்க."

அவர் கேற்றைத் தாண்டும் வரைதான் பொறுத்தோம். பிறகு போட்ட கூச்சலில் அவர் திரும்பி வந்துவிடுவாரோ என்று பயந்தேன்.

செப்டெம்பர் 15, திங்கள்
விசில் இல்லை, ஏழு மணிக்குத்தான் விழித்தேன். குசினியில் பாத்திரம் கழுவும் சத்தம். எட்டிப் பார்த்தேன், ஸனா. அவள் கையில் இருந்தது நேற்று நான் சாப்பிட்டுவிட்டு அப்படியே போட்ட தட்டு.