வரத்துக்காலில் தண்ணீர் வருவதற்குள்

அண்ணே,

இன்று காலை காரைக்குடி மீன் சந்தையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியின் முன்னால் நின்றுவிட்டேன். மீசை நீண்ட கரிய மீன்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் புரண்டுகொண்டிருந்தன. தொட்டியில் தண்ணீர் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் அவை சாகாமல் வாயைத் திறந்து காற்றை விழுங்கிக்கொண்டு கிடந்தன. “நாட்டுக் கெளுத்திதான், வாங்கிட்டுப் போங்க” என்றார் விற்கிற அம்மா. அது நாட்டுக் கெளுத்தி இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் கவிச்சி மூக்கில் ஏறியதும் உங்கள் குட்டைக் கரையில் நிற்பதுபோலக் கால் கூசியது. நீங்கள் போய்ச் சேர்ந்தபின் உங்களோடு பேச இன்றுதான் எனக்கு வாய் வந்தது.

ஒக்கூர்ப் பக்கத்துக் கண்மாய்களில் எந்தெந்த நாட்டு மீன்கள் இன்னும் இருக்கின்றன என்று பார்ப்பதுதான் அப்போது என் ஆராய்ச்சி. ஊர் ஊராக வலையோடு திரிந்துகொண்டிருந்தேன். உங்கள் ஊர்க் கண்மாயில் விரால் இருந்தது, குறவை இருந்தது, மற்ற இடங்களில் தேடித் தேடி அலுத்துப்போன அயிரைகூடக் கூட்டமாக இருந்தது. அந்த மகிழ்ச்சியோடு கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்காலின் வழியே மேலே நடந்தேன். கோழிக்குடல் நாற்றம் வந்தது. நாற்றத்தின் முடிவில், மேலே வலை போர்த்திய உங்கள் குட்டை.

“யாரக் கேட்டு உள்ள வந்தீக?” நீங்கள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“இது ஆப்பிரிக்கக் கெளுத்தி. வளக்கக் கூடாதுன்னு தடை இருக்கு, தெரியுமாண்ணே?” என்றேன்.

“தெரியும். தச்சு வேலையா கெடைக்குது இப்ப? எல்லாரும் ரெடிமேடு கதவுக்குப் போயிட்டாக. மக நர்சிங் படிக்கிறா. இது பாட்டுக்குக் குடலத் தின்னுட்டு வளருது. ஆருக்கு என்ன கெடுதி?”

“கண்மாய்க்குள்ள போயிருச்சுன்னா விராக்குஞ்சு, கெண்டக்குஞ்சு ஒன்னும் மிஞ்சாது. முட்டையக்கூட விடாது.”

“எங்குட்டுப் போகும்? அதுக்குக் காலா இருக்கு?” என்று சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. மீன்வளத் துறைக்கு எழுதாமல் இருக்க முடியாது என்று உங்கள் முகத்தைப் பார்த்தே சொன்னேன். உங்கள் சிரிப்பு நின்றது. “எழுதுங்க. எழுதிட்டு இங்குட்டு வராதீக.”

எழுதினேன். திங்கட்கிழமை வந்து அழிக்கிறோம் என்றார்கள். சனிக்கிழமை மதியம் கிழக்கே வானம் கறுத்தது.

ஐப்பசி மேகம் எப்படி இறங்கும் என்று உங்களுக்குத் தெரியும். குட்டையின் கரை ஏற்கெனவே ஊறிப்போய் இருந்தது. ஒரு நல்ல மழை போதும், குட்டை நிரம்பி வரத்துக்காலில் வழிந்துவிடும். வரத்துக்கால் நேரே கண்மாய்க்குத்தான் போகிறது. கோடை முடிவில் ஊரே கூடையும் கச்சா வலையுமாக இறங்கி மீன் பிடிக்கும் கண்மாய் அது. அலுவலகத்துக்குப் போன் போட்டேன், எடுக்க ஆளில்லை. வராதே என்று நீங்கள் சொன்ன இடத்துக்கு ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு வந்தேன்.

நீங்கள் கரையில் மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தீர்கள். பக்கத்தில் மீன் வளர்ப்பில் உங்களோடு கூட்டுச் சேர்ந்திருந்த மதினியின் தம்பி. என்னைப் பார்த்ததும் அவர்தான் முன்னால் வந்தார். கையில் கடப்பாரை.

“விடியக்காலம் மீன் ஏத்த லாரி வருது மச்சான். ஒரு பொழுது பொறுங்க. இந்தம்மா பேச்சக் கேட்டு எதுவும் செஞ்சுறாதீக.”

“லாரி வர வரைக்கும் மழை நிக்குமா?” என்று கேட்டேன்.

“நீங்க வெளிய போங்க மொதல்ல!”

நீங்கள் இன்னொரு மூட்டையைத் தூக்கிக் கரையில் வைத்தீர்கள். இடி உருளத் தொடங்கியிருந்தது. குட்டைக்குள் மீன்கள் மேலே வந்து வந்து காற்றை விழுங்கின. தண்ணீர் முழுக்க வாய்களாகத் தெரிந்தது. தூறல் விழுந்தது. நான் வெளியே போகவில்லை. அவர் கடப்பாரையை இறக்கவும் இல்லை.

அப்போதுதான் கரையின் மறுபக்கம் நின்ற மதினி கத்தினார். “இங்க பாருங்க! இங்குட்டு வாங்க!”

கரைக்கு வெளியே, ஈரப்புல்லில், கை நீளத்துக்கு ஒரு மீன். மார்புத் துடுப்பு முள்ளைத் தரையில் ஊன்றி, உடம்பை இப்படியும் அப்படியும் வளைத்து, வரத்துக்காலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், வழி தெரிந்ததுபோல. நாம் நால்வரும் அசையாமல் பார்த்தோம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பள்ளத்தில் இறங்கியிருக்கும். நீங்கள் துண்டை உருவி அதன்மேல் போட்டு அமுக்கினீர்கள். அப்படியே சுருட்டி எடுத்துவந்து மைத்துனரின் காலடியில் போட்டீர்கள்.

“நடக்குதுடா” என்றீர்கள். “இது நடக்குது.”

அவர், “ஒன்னுதான மச்சான்” என்றார்.

“ஒன்னு போதும். அந்தக் கண்மாயில எல்லாரும் எறங்கி மீன் பிடிக்கிறாக. நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அங்க நிப்பேன்? தண்ணிய எறைக்கணும், இன்ஜினப் போடு.”

அவர் போடவில்லை. கடப்பாரையைத் தரையில் குத்திவிட்டுப் போய்விட்டார். இன்ஜினை நீங்களே போட்டீர்கள். உறிஞ்சும் குழாயின் வாயில் கொசுவலையைக் கட்டி, தண்ணீரை வரத்துக்கால் பக்கம் விடாமல் உங்கள் தரிசுக்குள் திருப்பினோம். ரோட்டு வேலைக்கு வந்திருந்த ஜேசிபியைக் கூப்பிட்டு மீன்களைப் புதைக்க மேட்டில் குழி வெட்டச் சொன்னீர்கள். விஷயம் பரவி, வலையும் கூடையுமாக ஆட்கள் வந்தார்கள். நீங்கள் மீனை அழிக்க விடமாட்டீர்கள் என்று நினைத்துச் சண்டைக்கு வந்த ஒருவர், உங்களைச் சேற்றில் பார்த்ததும் வேட்டியை மடித்துக்கொண்டு தானும் இறங்கினார். வெள்ளையடிக்க வாங்கி வைத்திருந்த சுண்ணாம்பு மூட்டைகளை மதினி இழுத்துவந்தார். தினமும் தன் கையால் இரை போட்டு வளர்த்தவர் அவர். ஒவ்வொரு கூடை மீன் குழிக்குள் விழும்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் சுண்ணாம்பைக் கொட்டியது அவர்தான், வேறு யாரையும் விடவில்லை.

மழை ஓங்கி அடித்தது. கரையின் ஒரு மூலை சரிந்தபோது மூட்டை எடுக்க நேரமில்லாமல் நீங்கள் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தீர்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் என்னவோ முட்டி முட்டிப் போனது. நாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. குழியை மூடி முடித்தபோது வரத்துக்காலில் செந்தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது.

“ஒன்னு தப்பிச்சிருந்தாண்ணே?” என்று கேட்டேன்.

“அப்பத் தேடணும் தாயி. வருசா வருசம் வலை போட்டுப் பாப்போம்.”

அந்தத் தீபாவளிக்கு உங்கள் வீட்டில் புதுத்துணி இல்லை. மைத்துனர் வெகுநாள் பேசவில்லை. நீங்கள் கானாடுகாத்தானில் ஹோட்டலாக மாற்றிய ஒரு பழைய வீட்டில் நிலைக்கதவு பழுதுபார்க்கப் போனீர்கள். பிறகு அதே குட்டையில் கெண்டை விட்டீர்கள். முதல் வருடம் கொக்குக்குத்தான் தீனி என்று ஊரில் கேலி செய்தார்கள். கூட்டங்களில் அதிகாரிகள் என்னைப் பாராட்டியபோதெல்லாம் உங்களைப் பற்றிச் சொன்னேன். அவர்கள் தலையசைத்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போனார்கள். உங்களிடம் சொன்னபோது, “அவுகளுக்கு என்ன, நனஞ்சாகளா?” என்றீர்கள்.

கோடைதோறும் சொன்னபடி வந்தீர்கள். வலையின் ஒரு முனை உங்களிடம், மறுமுனை என்னிடம். வலை கனத்தால் இருவர் பேச்சும் நின்றுபோகும். விரால் என்று தெரிந்தபின்தான் மூச்சு விடுவோம். ஆராய்ச்சிக் காலம் முடிந்தபின்னும் நாம் அதை விடவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் உங்கள் மூச்சு நின்றுபோன அன்று நான் வெளியூர்க் கண்மாய் ஒன்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். நர்சாகிவிட்ட உங்கள் மகள்தான் போனில் சொன்னாள்.

இந்தக் கோடையில் தனியாகத்தான் போனேன். யாரையாவது கூலிக்குக் கூப்பிடலாம் என்று கரையில் நின்றபோது மதினி வந்தார். ஒன்றும் கேட்காமல் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கி, உங்கள் முனையைப் பிடித்தார். பாதிக் கண்மாயைக் கடந்தபோது வலை கனத்தது. மதினி என்னைப் பார்த்தார். அவர் உதடு வெளுத்திருந்தது. சேற்றோடு சேர்த்துக் கரையில் இழுத்துப் போட்டோம். துள்ளியது விரால். மதினி அதை இரண்டு கையாலும் தூக்கி மீசை இல்லை என்று தடவிப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் விட்டார்.

“இனிமே பயமில்லையா?” என்று கேட்டார்.

“அடுத்த வருசமும் போடணும் மதினி.”

“போடுவோம்” என்றார்.

அந்தப் பயத்தை இத்தனை வருடம் நீங்களும் நானும் பாதிப் பாதியாக வைத்திருந்தோம், அண்ணே. உங்கள் பாதியை மதினி வாங்கிக்கொண்டார். என் பாதி என்னிடம் இருக்கிறது.