பைகளுக்குக் காவல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம், அவருக்கு மூட்டுவலிதான் விட்டபாடில்லை, நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்து முன்பின் இருந்தால் சரிசெய்து படி.

உன் மகள் இப்போது வீட்டில் இல்லை, பதறாதே, முழுசும் படி. கண் தெரியாவிட்டாலும் ஊர்ப்பிள்ளைகளோடு பிள்ளையாகப் படிக்கட்டும் என்றுதான் அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாய். விளையாட்டு நேரம் வந்தால் டீச்சர் இவளை மட்டும் வகுப்பில் உட்காரவைத்து, நீதான் எல்லார் பைக்கும் காவல் என்பாளாம். இவளுக்கோ தலைகால் புரியாத பெருமை. நானும் என் பேத்தியை நம்பித்தான் வகுப்பையே விட்டுப்போகிறார்கள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். போன வாரம் தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டாளே என்று கொண்டுபோனேன். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி வந்து, இவள் கைக்குக் கீழேயே ஒவ்வொரு பையாக உருவுகிறார்கள். இவள் பெஞ்சைத் துழாவித் துழாவி, "யாருடா அது, டீச்சர்கிட்ட சொல்லிடுவேன்" என்கிறாள். "காவல்காரம்மா, உன் பையும் போச்சே" என்று ஒருத்தி கத்த, ஒரே சிரிப்பு. அந்த டீச்சரும் வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெரிய டீச்சரிடம் போய்க் கேட்டால், "எழுதவா போறா, படிக்கவா போறா? ஏதோ பாவம்னு உட்கார வெச்சிருக்கோம்மா" என்கிறாள். இத்தனை நாளும் ஓர் எழுத்துக்கூடச் சொல்லித்தரவில்லையடி. "ஒருவாட்டி வாசிச்சா என் பேத்தி அப்படியே திருப்பிச் சொல்லுவா, சிரிச்ச டீச்சரைச் சொல்லச் சொல்லுங்க பாப்போம்" என்று சொல்லிவிட்டுக் கையோடு கூட்டிவந்துவிட்டேன்.

உன்னைக் கேட்டால் விடுதி வேண்டாம் என்பாய், அதனால் கேட்கவில்லை. நேற்று பார்வையில்லாத பிள்ளைகளுக்கான பள்ளியில் சேர்த்தாயிற்று. அங்கே புள்ளி எழுத்தை விரலால் தடவிப் படிக்கச் சொல்லித்தருகிறார்கள். நான் கிளம்பும்போது அவள் என் முந்தானையை விடவில்லை. வார்டன் அம்மா விரல்களைப் பிரித்தெடுத்துவிட்டு என் காதோரம், "சத்தம் காட்டாம நில்லுங்க, போயிட்டீங்கன்னு நெனச்சாதான் உள்ள வருவா" என்றாள். நின்றேன். "பாட்டி, இருக்கியா?" என்றாள். வாயைத் திறக்கவில்லை. திரும்பவும் கேட்டாள். கல்லாக நின்றேன். என் மூச்சை வைத்தே ஆளைச் சொல்கிறவள், நேராக என் பக்கம் முகத்தைத் திருப்பி, "பாட்டி போயிட்டாங்க, வாங்க உள்ள போலாம்" என்று வார்டனிடம் சொன்னாள்.

ஞாயிறு மதியம் பேச விடுவார்களாம், வேலை என்று சொல்லாமல் கூப்பிடு. திட்டுவதை எனக்கு எழுது, அவளிடம் அழாதே. என் ஆயுசையும் சேர்த்து நீயும் அவளும் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அம்மா