கோவிந்தன் அண்ணனைக் காட்டிய விரல்

காஜா பெராங், மலாக்கா. வெள்ளி இரவு. ஜப்பான்காரன் கணக்கில் ஆண்டு 2603, நம் கணக்கில் 1943.

காலையில் எங்கள் அரிசிக் கிடங்குக்கு ஜப்பானிய அதிகாரி வந்தான். நேற்று நான் நிறுத்து வைத்த மூட்டைகளில் எடை குறைந்திருந்தது. "யூ கிளார்க்?" என்று என்னைக் கேட்டான். இங்கே கிளார்க்குகள், ஊர்ப் பேச்சில் கிராணிகள், இருவர்: நானும் கோவிந்தன் அண்ணனும். கல்லூரியில் படித்த இங்கிலீஷ் உடனே நாக்கில் வந்தது. "ஐ ஆம் எ கிளார்க். ஹீ இஸ் தி கிளார்க்." நான் இருவரில் ஒருவன், பொறுப்பு அவருடையது. 'எ'க்கும் 'தி'க்கும் உள்ள வித்தியாசம் அவனுக்குப் புரிந்திருக்காது. அதனால்தான் விரலையும் நீட்டினேன்.

அதிகாரி அண்ணனின் கன்னத்தில் மாறி மாறி அறைந்தான். பிறகு மதியம் வரை எடைக்கல்லைத் தலைக்குமேல் தூக்கியபடி வெயிலில் நிற்க வைத்தான்.

நிழலுக்கு வந்தவர் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "என்னா தம்பி, ஒரே நாள்ல என்னைப் பெரிய கிராணி ஆக்கிட்டீங்க! சம்பளத்தையும் கூட்டச் சொல்லுங்கலா."

"அண்ணே, நேத்து நிறுத்தது நான்..."

"தெரியும். சாப்பிடுங்க."

தன் மரவள்ளிக்கிழங்கில் பாதியை என் பக்கம் தள்ளினார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். தின்றேன். எனக்குப் பசித்தது.