தோள்பட்டையில் ஒரு சிவப்புத் திட்டு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? குழந்தைக்குச் சளி குறைந்ததா? நான் இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன், ருசிதான் ஒன்றும் தெரிவதில்லை.

தோள்வலிக்கு ஒழுங்காக வைத்தியம் பார்க்கிறேனா என்று போனில் குடைந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். பேசினால் நீ அழுவாய், நான் சும்மா இருப்பேன். அது நன்றாக இருக்காது.

பிசியோதெரபி செய்கிற பெண்ணிடம் ஒரு கேமரா இருக்கிறது. உடம்புச் சூட்டைப் படம் பிடிக்குமாம். அன்றைக்குத் தைலம் தடவக் கூடாது, வெந்நீரில் குளிக்கக் கூடாது. ஏசி அறையில் முதுகைத் திறந்து போட்டுக்கொண்டு தேமே என்று உட்கார்ந்திருக்க வேண்டும். உன் அப்பா இருந்திருந்தால் கேலி செய்தே ஒரு வழி பண்ணியிருப்பார்.

திரையில் என் முதுகு பச்சையும் நீலமுமாகத் தெரிந்தது. வலது தோள்பட்டையில் மட்டும் ஒரு சிவப்புத் திட்டு. வலியையே படம் பிடித்துவிட்டாயா என்று கேட்டேன். "சூடு மட்டும்தாம்மா இதுல தெரியும். வலிய நீங்கதான் சொல்லணும்" என்றாள். நல்ல பெண், வாய்தான் ஓயாது.

வாரக்கணக்கில் போய் வந்தும் சிவப்பு குறையவில்லை. துணிக்கடையில் பாரம் தூக்குகிறேனோ என்று அவளுக்குச் சந்தேகம். முதலாளி என்னை மேல்தட்டுப் பக்கமே விடுவதில்லை, உட்கார்ந்து துணி மடிக்கிற வேலைதான், கை சரியாகாவிட்டால் அதுவும் எத்தனை நாளைக்கோ என்றேன்.

எப்படித் தூங்குவேன் என்று படுத்துக் காட்டச் சொன்னாள். மேசையின் ஓரத்தில் ஒருக்களித்துப் படுத்து, வலது கையை எட்டி மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். "யார விழுந்துடாம பிடிச்சிட்டு இருக்கீங்க?" என்றாள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அப்பா படுக்கையோடு கிடந்த வருஷங்களில், அவர் புரண்டு விழாமல் இருக்க அவருக்கு மேலாகக் கையைப் போட்டு, கட்டிலின் அந்தப் பக்கச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதானே தூங்குவேன். அவர் போன பிறகும் கை அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நடுவில் படுக்கச் சொன்னாள். படுக்கிறேன். காலையில் பார்த்தால் ஓரத்தில் இருக்கிறேன், கை சட்டத்தில் இருக்கிறது. தலையணையைக் குறுக்கே வைத்தேன், அதையும் தாண்டிப் போகிறது. பக்கத்து வீட்டு அக்கா, கட்டிலைக் கொடுத்துவிட்டு ஒரு பாட்டம் அழுது தீர்த்துவிடு என்கிறாள். அழுகை வந்தால் வேண்டாம் என்றா சொல்கிறேன். மரத்துப்போய்க் கிடக்கிறது, தோளைத் தவிர எல்லாம்.

உனக்கு லீவு கிடைப்பது கஷ்டம், தெரியும். கிடைத்தால் வந்து கொஞ்ச நாள் அப்பா படுத்த அந்தப் பக்கம் படுத்துக்கொள். நீ சின்ன வயதிலும் புரண்டு விழுந்ததில்லை. பிடிக்க வேண்டியதில்லை என்று இந்தக் கைக்குத் தெரியட்டும்.

நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா