ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல்

தொண்டூர்
4.3.2024

அன்புள்ள ஜோதிக்கு அண்ணி எழுதுவது.

போனில் இதைப் பேசவேண்டாம் என்று நீ சொன்னதால் மறுபடியும் தபால்தான்.

ஐ.நா. குழுவுக்கான பாரத்தை மூன்றாவது தடவையாக நிரப்பிவிட்டேன். கல்குவாரிக்கு எதிராக மனு கொடுத்த உன் அண்ணனைச் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஜீப்பில் ஏற்றிப் போனார்கள், இரண்டு வருஷமாக ஆளைக் காணோம். இதைச் சொல்ல எனக்குப் பதினான்கு பக்கமா? பதினோராவது கேள்வியைப் பார்: ‘இப்போது அவர் எங்கே இருக்கக்கூடும்?’ அது தெரிந்தால் ஜெனீவாவுக்கு ஏன் எழுதப்போகிறேன்? கையோடு அழைத்துவந்து சோறு போட்டிருப்பேன்.

கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? குளிரில் அலையாதே.

உன் அண்ணி,
விமலா


ஜெனீவா
2.9.2024

அன்புள்ள அண்ணிக்கு,

அரசாங்கம் குழுவுக்குப் பதில் எழுதிவிட்டது. லூர்துநாதன் என்று அந்த ஊரில் யாருமே இல்லையாம். ரேஷன் கார்டிலும் இல்லை, வாக்காளர் பட்டியலிலும் இல்லை. இல்லாத ஆள் எப்படிக் காணாமல் போவார் என்று கேட்கிறார்கள்.

தப்பு என்னுடையது அண்ணி. அண்ணன் மாதா கோயிலில் லூர்துநாதன். சர்டிபிகேட்டில் வீரமணி, இந்து. அருள்ஜோதி என்ற என் பெயர் இரண்டு இடத்திலும் செல்லும் என்பதால் எனக்கு இது உறைக்கவே இல்லை. உங்கள் பாரத்தில் இருந்தபடி, வீட்டில் கூப்பிடுகிற பெயரையே மனுவிலும் எழுதிவிட்டேன். வக்கீல் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

புது மனு போட்டாலும் இருவரும் ஒரே ஆள் என்று காட்டவேண்டும். ஞானஸ்நானப் பதிவேட்டில் அண்ணன் பிறந்த தேதியும் நைனா, அம்மா பெயரும் சர்டிபிகேட்டில் உள்ளபடியே இருக்கின்றன. அதன் நகலைத் தரச் சாமியார் சம்மதித்துவிட்டார். புது மனுவில் உங்கள் கையெழுத்துதான் பாக்கி. மறைக்காமல் சொல்கிறேன், அந்த நகல் அரசாங்கத்தின் கைக்கும் போகும். ஒரு மாதத்துக்குள் அனுப்பவேண்டும்.

ஜோதி


தொண்டூர்
16.9.2024

ஜோதிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே சுவாதிக்கும் ஒன்று வந்தது. சர்வேயர் வேலைக்கு உன் மருமகள் தேறிவிட்டாள். அடுத்த மாதம் சர்டிபிகேட் சரிபார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அவள் நைனா இந்து என்பதை வைத்துத் தந்த எஸ்.சி. சர்டிபிகேட் அது. உன் நகல் போனால் அவர் கிறிஸ்தவர் என்பது எழுத்தில் ஏறிவிடும். கிறிஸ்தவருக்கு எஸ்.சி. கிடையாது என்பார்கள், பிறகு அவளை யார் விடுவார்கள்? நீயும் அந்தச் சர்டிபிகேட்டில்தானே லா காலேஜில் சேர்ந்தாய்? ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் திங்கட்கிழமை நாம் என்ன காலனியை விட்டு ஊர்த்தெருவுக்கா குடிபோய்விட்டோம்? இந்தச் சட்டத்தைப் போட்டவனைத் திட்டுவதா, உன்னைத் திட்டுவதா என்றே எனக்குத் தெரியவில்லை.

சுவாதியிடம் சொன்னேன். “அனுப்பிடும்மா. வேலை போனா இன்னா, வேற பாத்துக்கலாம். நைனா வேற கிடைக்குமா?” என்றாள். சொல்லிவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாயந்தரம் வரைக்கும் வெளியே வரவில்லை. அவளுக்கு முன்னால் நின்று கையெழுத்துப் போட எனக்கு மனசு வரவில்லை.

போடமாட்டேன் ஜோதி. மனுவைத் திரும்ப வாங்கிவிடு. அவர் உனக்கு அண்ணன், எனக்குத் தெரியாதா? என்மேல் கோபித்துக்கொள். இனிமேல் எழுதாமல்கூட இரு.

அவர் வந்து, ஏன் என்னை விட்டுவிட்டாய் என்று கேட்டால், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

விமலா