மூன்றாவது ட்ரிப் அன்று நீங்கள் பேசிய ஆங்கிலம்

அண்ணே,

இன்று காலை அலுவலகத்தில் எல்லாருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. இணையவழிக் கூட்டங்களில் பேச உதவும் ஆங்கில வாக்கியங்கள், நான்கு பக்கம். இந்த மாதிரித் தாள்களில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். மூடப்போனேன். மூன்றாவது வரியில் 'சாரி டு இன்டரப்ட்' இருந்தது. அதை என்னால் உங்கள் குரலில்தான் வாசிக்க முடிந்தது, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் பிரேக் போட்டு.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது.

போர்ட் கிள்ளான் லோரி யார்டை அத்தனை வருடம் கட்டி மேய்த்தவர் நீங்கள். டிரைவர்களோடு மலாய், கிடங்குக்காரர்களோடு பாதி ஹொக்கியன் சீனம், வாக்கிடாக்கியில் ஆங்கிலம். எதிலும் தடுமாறியதில்லை. கொரோனா அடைப்புக் காலத்தில் திங்கட்கிழமைக் கூட்டம் திரைக்குள் போனதும், சிங்கப்பூர் மேலதிகாரிகளின் முகங்களுக்கு முன்னால் வாயடைத்துப் போனீர்கள். யார்டுக்கு 'நன்றாகப் பேசத் தெரிந்த' ஒருவரைப் போடலாம் என்று மேலே பேச்சு அடிபட்டது. உங்கள் ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது. மகள் படித்துக்கொண்டிருந்தாள்.

நம் கம்பெனியின் ஷா ஆலம் அலுவலகத்தில் லோரி ஆவணங்களுக்கான பத்திரப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் போன் செய்தீர்கள். "மா, இந்த மீட்டிங் இங்கிலீஷ் நாலு வரி எழுதிக் குடு. தமிழ் எழுத்துல எழுது. கண்ணாடி போடாமலே தெரியணும்."

எழுதி அனுப்பினேன், பெரிய எழுத்தில். கணினித் திரையைச் சுற்றி செலோடேப்பால் ஒட்டிவைத்துப் படம் எடுத்து அனுப்பினீர்கள். மாரியம்மன் கோயில் வாசலில் தோரணம் கட்டியது போல இருந்தது.

"இதெல்லாம் வெறும் ஒப்பனை அண்ணே. சொல்றதுக்கு விஷயம் இருந்தா போதும்" என்றேன்.

"உனக்கென்ன லா, யூனிவர்சிட்டி படிச்சவ. ஹார்ன் வண்டிய ஓட்டாது மா. அதுக்காக ஹார்ன் இல்லாம ரோட்டுல இறங்குவியா?"

பயிற்சி போனில்தான். நான் மேலாளராக மூச்சுவிடாமல் பேசுவேன். நீங்கள் நடுவில் புகுந்து 'சாரி டு இன்டரப்ட்' சொல்ல வேண்டும். புகவே மாட்டீர்கள்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"இங்கதான் மா. நீ பேசி முடி."

"நான் முடிக்கவே மாட்டேன். அவங்களும் முடிக்க மாட்டாங்க."

"பேசிட்டு இருக்கற மனுஷன எப்படி மா வெட்டறது? எங்கம்மா இருந்தா வாயிலயே போட்டிருப்பாங்க."

சிரித்தோம். ஆனால் அந்தப் பழக்கம்தான் நம்மைக் கவிழ்த்தது. பெரியவர் பேசி முடித்து, ஒரு நொடி விட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு பேசுவதுதான் நமக்கு மரியாதை. திரையில் அந்த ஒரு நொடி கிடைப்பதில்லை. டிரைவர்களின் மதிய இடைவேளையை அரைமணி குறைக்கலாமா, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று மேலாளர் கேட்டார். நீங்கள் மரியாதையாகக் காத்திருந்தீர்கள். அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். கூட்டக் குறிப்பில் 'யார்டு சம்மதம்' என்று வந்தது. அதைப் படித்தீர்கள். அன்று பயிற்சியும் வேண்டாம் என்றீர்கள்.

இரண்டு வாரம் கழித்து மூன்றாவது ட்ரிப் வந்தது. ஒவ்வொரு டிரைவரும் நாளுக்கு இரண்டு முறை ஸ்ரீ கெம்பாங்கான் கிடங்குக்குப் போய்வருவதை மூன்றாக்கும் திட்டம். விடிவதற்கு முன்பே வண்டி எடுக்கிறவர்கள் அவர்கள். திரையில் என்னையும் சேர்த்துப் பதினோரு முகங்கள். மேலாளர் படம் படமாகக் காட்டிப் பேசிக்கொண்டே போனார். கடைசிப் படம் வந்தது.

உங்கள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மைக் மூடியிருக்கிறது என்று யாரோ சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. குனிந்து தேடி அழுத்தினீர்கள்.

"சாரி. டு. இன்டரப்ட். மே ஐ. கம் இன். ஹியர்."

மேலாளர் நிறுத்தினார். நான் எழுதிக் கொடுத்தது அத்தோடு தீர்ந்தது. பிறகு வந்தது உங்கள் யார்டு ஆங்கிலம்: "பாஸ், தேர்ட் ட்ரிப் கேன்நாட். லோரி நாட் ஸ்லீப்பி, லோரி கேன் கோ. டிரைவர் ஸ்லீப்பி. டிரைவர் கேன்நாட்."

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. எத்தனை மணிக்குக் கிளம்புகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்று மேலாளர் கேட்டார். வண்டி போன நேரமும் வந்த நேரமும் குறித்த கேட் பாஸ் எல்லாம் பத்திரப் பிரிவில் இருக்கிறது என்று என் பெயரைச் சொன்னீர்கள். நான் மைக்கைத் திறந்து, "யெஸ், ஐ கேன் ஷேர் தட்" என்றேன். காட்டினேன். மூன்றாவது ட்ரிப் திட்டம் அன்றே நின்றது. யார்டுக்கு வேறு ஆளைப் போடும் பேச்சும் அதற்குப் பிறகு காதில் விழவில்லை.

கூட்டம் முடிந்து நீங்கள் அழைத்தீர்கள். "நீ இல்லன்னா இன்னிக்கு நான் வாயே தொறந்திருக்க மாட்டேன் மா. அந்த கேட் பாஸ எப்படி அவ்வளவு சீக்கிரம் எடுத்த? கெட்டிக்காரி லா நீ."

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. பிறகு எத்தனையோ முறை பேசினோம். உங்கள் ஓய்வு விருந்தில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் எல்லாரிடமும் அதே கதையைச் சொல்லி என்னைப் புகழ்ந்தீர்கள். அப்போதும் சொல்லவில்லை. கிள்ளானில் உங்கள் வீட்டுக் கூடத்தில் உங்களைக் கிடத்தியிருந்தபோது, உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா எப்பவும் உங்களத்தான் சொல்வாரு ஆன்டி" என்றாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்த கேட் பாஸை நான் அன்று தேடி எடுக்கவில்லை, அண்ணே. முந்தின வாரமே மணிக்கணக்கை எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டேன். மூன்றாவது ட்ரிப் கூடாது என்று எனக்குத் தெரியும். கூட்டம் தொடங்கியதிலிருந்து அந்தக் கோப்பு என் திரையில் திறந்தே இருந்தது. எல்லா வாக்கியமும் தெரிந்தவள் நான். என் வேலைக்கு எதற்கு வம்பு என்று மைக்கை மூடிவைத்து உட்கார்ந்திருந்தேன். நீங்கள் என் பெயரைச் சொல்லியிருக்காவிட்டால் அப்படியேதான் இருந்திருப்பேன்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து வேலை. கூட்டங்களில் நான் மைக்கை மூடுவதில்லை. மோனோரெயில் திரும்பும் சத்தமும், கீழே பூக்கடை அக்கா யாரையோ திட்டுவதும் சிங்கப்பூர் வரைக்கும் கேட்கிறது. யாருடைய மைக்கோ திறந்திருக்கிறது, தயவுசெய்து மூடுங்கள் என்கிறார்கள்.

என்னுடையதுதான், இருக்கட்டும் என்கிறேன்.